அந்த ஒரு வரி

தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்று வேலையைத் திரும்பப் பெற்ற தையல்காரி, கைக்குழந்தையோடு நேராக மேலாளர் வீட்டுக்கு நடந்தாள்.

கூடவே வந்த அண்ணன் பதறினான். "உன் பொழப்புக்கே உலை வச்ச மனுஷன்! இன்னும் அவர்கிட்ட என்ன சண்டை?"

"சண்டையில்லண்ணே, கும்பிட்டுட்டு வரணும். 'வேலை சரியில்லைன்னு எழுது'ன்னு முதலாளி சொன்னதை என் காதாலேயே கேட்டேன். இவரு உள்ளதை உள்ளபடி, 'கர்ப்பமாக இருப்பதால் நீக்குகிறோம்'னு எழுதிக் குடுத்தாரு. அந்த ஒரு வரிதான் நம்மள ஜெயிக்க வச்சுது."

கதவைத் திறந்த மேலாளர் முகம் மலர்ந்தார். "எப்பம்மா வேலைக்குப் போற?"

"நாளைக்கே, சார். உங்க முன்னாடிதான் கையெழுத்துப் போட்டுச் சேரணும்."

"நான் அங்க இல்லையேம்மா. அந்த லெட்டர் கோர்ட்டுக்கு வந்த அன்னிக்கே என்னையும் தூக்கிட்டாங்க."

அவளுக்குக் கண் கலங்கியது. குழந்தையை அண்ணனிடம் கொடுத்தாள்.

"செருப்பை மாட்டுங்க சார். என் வக்கீல் வீடு அடுத்த தெருதான்."