வில்லன் திருந்த இன்னும் பத்து நிமிடம்

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அரங்குக்குள் வந்தவள் அவனுடைய அக்கா.

அந்தத் தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டும் வேலையில் இருந்தவன், டார்ச்சும் கையுமாக இருட்டுக்குள் ஒரு அடி பின்வாங்கினான். நல்லவேளை, வாசல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்ததே தவிர அவன்மேல் விழவில்லை.

எட்டு வருடம் ஆகிவிட்டது. அவன் குடித்துவிட்டு ஓட்டிய கார் பள்ளத்தில் கவிழ்ந்தபோது அக்கா பக்கத்து இருக்கையில் இருந்தாள். இடது கால் சிக்கிக்கொண்டு, தம்பி, தம்பி என்று அவள் கூப்பிடக் கூப்பிட, அவன் பயந்து ஓடினான். அன்றைக்கு ஓடியவன்தான். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. யாரோ புண்ணியவான்கள் அவளை வெளியே இழுத்துக் காப்பாற்றினார்கள் என்பதும், கால் பழையபடி ஆகவில்லை என்பதும் காதில் விழுந்த செய்திகள்.

அவள் டிக்கெட்டை நீட்டினாள். எண்ணைப் பார்த்தான். கைப்பிடிக் கம்பி இருக்கும் இடது ஓரமாகப் படியில் வெளிச்சத்தை இறக்கினான். அக்கா ஒரு கணம் நின்றுவிட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

இடது கணுக்கால் மடங்கவில்லை. ஒவ்வொரு படியிலும் அந்தக் கால் முதலில் இறங்கி, மற்றது வந்து சேரக் காத்திருந்தது. ஏழு படிகள். அவனுக்கு முடிவே இல்லாததுபோல் இருந்தது.

அவளை உட்காரவைத்துவிட்டுப் பின்சுவரில் சாய்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

இந்தப் படத்தை அவன் நாற்பத்து மூன்று முறை பார்த்துவிட்டான். வில்லனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் நீயே போய் நடித்துக்கொடுத்துவிட்டு வரலாம் என்று கேன்டீன்காரர் கிண்டல் செய்வார்.

ஒன்பது கொலை செய்த வில்லன். இரண்டு மணி நேரம் அரங்கமே அவனைக் கரித்துக்கொட்டும். கடைசிப் பத்து நிமிடத்தில், தீப்பிடித்த கிடங்குக்குள் மண்டியிட்டு, ஒரு சின்னப் பெண்ணின் அவிழ்ந்த ஷூ கயிற்றைக் கட்டிவிட்டு அவளைத் தூக்கிக்கொள்வான். அவ்வளவுதான். கரித்துக்கொட்டிய அதே வாய்கள் விசும்ப ஆரம்பித்துவிடும். ஒன்பது பேரையும் ஒருவரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

ஒன்பது கொலைக்கே மன்னிப்பு உண்டென்றால் ஒரு கணுக்காலுக்குக் கிடைக்காதா? இப்படிப் போயிற்று அவன் யோசனை. பாவம், அவனுக்கு வேறு வழியும் தெரியவில்லை.

படம் முடிந்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள். மனசு இளகியிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் எதிரே போய் நின்று முகத்தைக் காட்டிவிட வேண்டும். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் வாய்க்காது.

சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தான். அக்கா என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். பழக்கம் விட்டுப்போயிருந்தது. இன்னும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டான்.

கிடங்கு தீப்பற்றியது. இன்னும் பத்து நிமிடம்.

அக்கா எழுந்துவிட்டாள்.

அவன் நினைப்பில் மண் விழுந்தது. நாற்பத்து மூன்று காட்சிகளில் அந்த இடத்தில் எழுந்துபோனவர் ஒருவர்கூட இல்லை. கைக்குழந்தை வீறிட்டாலும் மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே பார்ப்பார்கள். உட்காருக்கா, இதோ திருந்திவிடுவான், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று கெஞ்ச வேண்டும்போல் இருந்தது.

ஓடிப்போய் வெளிச்சம் காட்டினான்.

"வெளிய போகணும்," என்றாள், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல.

பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு அதன் பின்னால் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டான். மதிய வெயில் கண்ணைக் கூசவைத்தது. அவள் தாண்டிப் போய்விடுவாள். போகட்டும். கூப்பிட்டவளை விட்டுவிட்டு ஓடியவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

அவள் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினாள்.

"திருந்துனவனக் கடைசியில சாகடிச்சிருவாங்க. எனக்கு அதப் பாக்க வேணாம். நீயும் எங்கயாவது செத்துக் கிடக்கியோன்னு எட்டு வருஷமாப் பயந்தது போதும்டா."

அவன் தலையைத் தூக்கினான். அக்கா நன்றாகவே அழுதிருந்தாள். உள்ளே வில்லன் இன்னும் மண்டிகூடப் போட்டிருக்கவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்க வாயெடுத்தான். கேள்வி வரவில்லை, அழுகைதான் வந்தது. எட்டு வருடமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அன்றைக்குத்தான் முழுதாக வெளியே வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான். வெட்கமாக இல்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அவன் கேட்காததற்கும் அவளே பதில் சொன்னாள்.

"உள்ள வந்து நான் இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கல. அதுக்குள்ள என் இடது காலுக்கு வெளிச்சம் காட்டிட்ட."

அப்படியானால் இரண்டு மணி நேரமாக அவள் படமே பார்க்கவில்லை.

உள்ளே விசும்பல் தொடங்கியது. ஷூ கயிற்றைக் கட்டிவிட்டான் போலிருக்கிறது.

தெருவில் இறங்க மூன்று படிகள் இருந்தன. பட்டப்பகல். அக்கா முதல் படியில் நின்று, இறங்காமல் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு டார்ச்சை அடித்தான்.