வலியின் எடை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முடக்கத்தான் சாறு குடித்த வெள்ளை எலி ஒன்று பறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சிறகு கிடையாது. வலிமருந்துச் சோதனையில் எலியைச் சூடேற்றிய தகட்டில் விடுவோம். அது பாதத்தை நக்கினால் வலிக்கிறது என்று அர்த்தம், உடனே எடுத்துவிடுவோம். இந்த எலி நக்கவே இல்லை. கண்ணை மூடிக் கோயில் யானைபோல அசைந்துகொண்டு நின்றது. பிறகு தகட்டுக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையுமளவு வெளிச்சம் தெரிந்தது. வலிக்கு எடை உண்டுபோல. அது கழன்றதும் எலி இலவம்பஞ்சாக மேலே கிளம்பியது.

"மேடம், எலி பறக்குது!"

ஆராய்ச்சியை நடத்திய ஜெசிந்தா மேடம் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரிட்டயர் ஆகப்போற வயசுலயும் புளுகை விடமாட்டியளா அண்ணாச்சி?"

எலியோ வாலைத் தொங்கவிட்டபடி, சுழலும் மின்விசிறியை நோக்கிச் சுகமாக மிதந்தது. ஸ்டூலில் ஏறியும் எனக்கு எட்டவில்லை.

"ஐயோ, விசிறியில அடிபடப் போகுது!"

மேடம் நிமிர்ந்து பார்த்தார். தோள் இறுகிப்போய், தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாதவர் அவர்; காலையில் அதே சாற்றில் ஒரு மடக்கு தானும் குடித்திருந்தார். அந்தக் கை தானாக எழுந்தது, காதைத் தாண்டியது, விசிறிக்கு ஒரு சாண் கீழே எலியைப் பூப்போலப் பற்றியது. முகத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை. கையை இறக்காமல் அப்படியே நின்றார். செருப்பு தரையிலேயே கிடக்க, பாதங்கள் மட்டும் அதைவிட்டு மெல்ல மேலே எழுந்தன.

"இப்பச் சொல்லுங்க மேடம், பறந்துச்சா இல்லையா?"

"பறந்துச்சு அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன். மொதல்ல அந்த விசிறிய நிப்பாட்டுங்க!"