வேலுத்தாய் ஏறாத வேன்

கம்பெனி வேன் தெருமுக்கில் நின்று ஹாரன் அடித்தது. ஆமத்தூரின் அந்தத் தெருவிலிருந்து பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். வேலுத்தாய் மட்டும் ஏறவில்லை. கையை ஆட்டி வேனை அனுப்பிவிட்டு, மகள் கீர்த்திகாவைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

கீர்த்திகா ஒன்பதாம் வகுப்பு. முழங்காலும் இடுப்பும் வலிக்கிறதென்று ஒரு வருஷமாக அவதிப்படுகிற பிள்ளை. காலைத் தாங்கித் தாங்கி வைத்தாள்.

"வலிக்கும்மா."

"வலிக்கட்டும். நட."

தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு வாசலில் பால் வாங்கிக்கொண்டிருந்த வினோலியா டீச்சர் திரும்பிப் பார்த்தாள். கீர்த்திகாவின் வகுப்பு டீச்சரே அவள்தான். மதுரை டாக்டரின் சீட்டைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையைப் பிரேயரில் நிற்க விடுவதில்லை, விளையாட்டு பீரியடில் கிரவுண்டுக்கு அனுப்புவதில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் இப்படித் தாங்க, பெற்றவள் இப்படி இழுத்துக்கொண்டு போகிறாளே என்று மனசு ஆறவில்லை.

தெருவும் அதைத்தான் பேசியது. சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கும், நோயாளிப் பிள்ளையைப் பட்டாசுக்குத் திரி கட்ட உட்கார வைக்கிறாள் என்றார்கள். பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறதே என்று டீச்சருக்கு ஒரு சந்தேகம் வராமல் இல்லை. மணியடிப்பதற்குள் வேலை வாங்கிவிட்டு அனுப்புவார்களாயிருக்கும் என்று அதற்குப் பதிலையும் தானே சொல்லிக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் விடிந்ததும் விடியாததுமாக ஒரு பிள்ளை கம்பெனி ரோட்டில் போனால் வேறென்ன தோன்றும்?

மறுநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பிள்ளை கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போது ஒரு போட்டோ, உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன். அதுதான் திட்டம்.

கேட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே ஒரு போர்டு உண்டு. தீப்பெட்டி, பீடி, செல்போன் கொண்டு வரக்கூடாது என்று எழுதியிருக்கும். அந்தப் போர்டைத் தொட்டுவிட்டு கீர்த்திகா நின்றாள். வேலுத்தாய் மட்டும் கேட்டைப் பார்த்து நடந்தாள். பிள்ளை வந்த வழியே திரும்பியது.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது கோபம்தான் கூடுகிறது. ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்தி, பிள்ளையை ஏறச் சொன்னாள். கீர்த்திகா மாட்டேன் என்று தலையாட்டினாள். அதைப் பார்த்துவிட்டு வேலுத்தாய் திரும்ப ஓடி வந்தாள்.

"ஏத்தாதீக டீச்சர். அவ நடந்துதான் வரணும்."

பெற்றவள்தானா நீ என்று டீச்சர் பிடித்துக்கொண்டாள். இப்பவே 1098க்குப் போடுகிறேன் என்று செல்லை எடுத்தாள்.

வேலுத்தாயின் முகம் செத்துப்போனது. கேட் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளை வருகிறது என்று ஒரு ஆபீசர் வந்து நின்றால் போதும். கம்பெனி முதலில் அவளைத்தான் வீட்டுக்கு அனுப்பும். ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை.

"போடுங்க டீச்சர். உக்காந்தே கெடந்தா ஒடம்பு இறுகிப்போகும், கொஞ்சங் கொஞ்சமா நடந்தாத்தான் வலி மட்டுப்படும்னு மதுர டாக்டரு சொல்லியிருக்காரு. இவளுக்கு இஷ்டமில்ல. நாந்தான் அடிச்சுக் கூட்டியாறேன். பள்ளிக்கூடத்துலயும் அப்படியே சொல்லிருங்க."

கம்பெனியில் மணி அடித்தது. வேலுத்தாய் ஓடினாள்.

டீச்சர் செல்லைப் பைக்குள் போட்டாள். டாக்டர் சொன்னார் என்றால் சரி. அதற்காக நோயாளிப் பிள்ளையை அடிப்பார்களா? கீர்த்திகாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"அம்மா எங்கன அடிச்சா? பயப்படாமச் சொல்லு."

"அம்மா ஒருநாளும் அடிச்சதில்ல டீச்சர். நடக்கணும்னு அடம்பிடிச்சதே நாந்தான். மொதல்ல தெருமுக்கு வரைக்குந்தான் முடிஞ்சுச்சு. இப்ப போர்டு வரைக்கும் வந்துட்டேன். இன்னும் வலிக்கத்தான் செய்யுது. ஆனா விட மாட்டேன். நான் தனியா வரக்கூடாதுன்னுதான் அம்மாவும் வேன்ல ஏறாம கூட நடக்கு."

"பெறகு ஏன் தெருவுல அம்புட்டுச் சத்தம் போடுதா?"

"நானா நடந்தா, வலியெல்லாம் பொய்யின்னு சொல்லிருவாகள்ல. அதான் அம்மா, பழி என்மேல கெடக்கட்டும், நீ நடன்னு சொல்லிருச்சு."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. வலியில் துடிக்கிற பிள்ளையைப் பார்த்துப் பொய் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"எவ சொன்னது அப்படி? பேரைச் சொல்லு. நான் போய்க் கேக்கேன்."

கீர்த்திகா ஸ்கூட்டியைச் சுற்றிக்கொண்டு, காலைத் தாங்கித் தாங்கி வைத்து, வீட்டைப் பார்த்து நடந்தபடியே சொன்னாள்.

"டாக்டரு சீட்டு வாரதுக்கு முந்தி, ஆண்டு விழாவுல ஆடிட்டு மறுநாள் எந்திரிக்க முடியாம உக்காந்திருந்தேன்ல. மேடையில ஆடையில வலிக்கலையாக்கும், நல்லா நடிக்கான்னு கிளாஸ்ல எல்லாரு முன்னாடியும் நீங்கதான் டீச்சர் சொன்னீக."