சரிம்மா

பிளஸ் டூ பாதியில் பள்ளி மாற்றினால் படிப்பு கெட்டுப்போகும் என்று, மகள் இளவேனிலுக்கு ஒரு நகல் எடுத்து, பரீட்சை எழுத அதைக் கும்பகோணத்தில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, அசல் மகளோடு நார்வேக்குக் குடிபோனாள் பவித்ரா.

மூன்று நாளாகப் பெட்டி பிரித்து அவள் இடுப்பு ஒடிந்திருந்தது. "பாத்திரத்தக் கழுவுடி" என்றாள்.

"சரிம்மா."

பதினேழு வருஷத்தில் மகள் வாயில் வராத சொல் அது. பவித்ரா கும்பகோணத்துக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா நகல் இது? சொல்லுக்குச் சொல் எதுத்துப் பேசுது" என்றாள் தங்கை.

போனைப் பிடுங்கிப் பேசியது அசல்தான். "பரீட்சை முடிஞ்சதும் வர்றேம்மா. அதுவரைக்கும் அவ உனக்கு ஒத்தாசையா இருப்பா."

திட்டத் தெம்பில்லை. "சாப்டியாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

நகல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றது. "அடுத்து என்னம்மா செய்யணும்?"

"கொஞ்ச நேரம் எங்கூடச் சண்டை போடேன்."

"சரிம்மா" என்றது.