பத்து கிலோமீட்டருக்குள்

டைல்ஸ் ஷோரூமுக்குள் நுழைந்தவர் விலையைக் கேட்கவில்லை. டைலின் பூர்வீகத்தைக் கேட்டார்.

மண் எங்கே தோண்டியது, சூளையில் என்ன எரித்தார்கள், மேல்பூச்சில் ஈயம் உண்டா, கழுவிய தண்ணீர் எங்கே போனது. தன்னைக் கட்டிக்கொள்ளும் முன் மனிதர் இதில் பாதிகூட விசாரிக்கவில்லை என்று பக்கத்தில் நின்ற மனைவியின் முகம் சொன்னது.

விற்பனைப் பெண் பொறுமையாகத் தலையாட்டினாள். வேறு வழியில்லை. மூன்று மாதச் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. ஒரு முழு வீட்டுக்கான ஆர்டராவது மாலைக்குள் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நாளை முதல் வர வேண்டாம் என்று கடை முதலாளி காலையிலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்.

இப்போது மணி நாலரை.

வந்தவர் சுற்றுச்சூழல் ஆர்வலர். அவரே சொல்லித்தான் அது தெரிய வேண்டியிருந்தது. வாசலில் அவருடைய கார், உள்ளே குளிர்ச்சி போய்விடக் கூடாதென்று எஞ்சின் ஓடியபடியே நின்றுகொண்டிருந்தது.

வீட்டில் இருக்கும் தரைக்கு வயது ஆறு. ஒரு கீறல் கிடையாது. அதைப் பெயர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டு, பூமிக்குக் கேடில்லாத தரை போடப்போகிறாராம். இருப்பதை அப்படியே விட்டுவிட்டால் பூமிக்கு இன்னும் நல்லதில்லையா என்று மனைவி வரும் வழியில் கேட்டிருக்கிறார். இவளுக்கு இதெல்லாம் புரியாது என்று கணவர் பெருந்தன்மையோடு விளக்கினார்.

அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மனைவி உண்மையை உடைத்தார். சகலை போன வருஷம் மொட்டை மாடி முழுக்க சோலார் போட்டுவிட்டாராம். அன்றைக்குப் போன தூக்கம் இவருக்கு இன்னும் திரும்பவில்லை.

விற்பனைப் பெண் மூங்கில் தரையைக் காட்டினாள். கப்பலில் வந்தது என்றதும் கையை உதறினார். பழைய கண்ணாடியை உருக்கிச் செய்த டைல் பிடித்திருந்தது. ஆனால் மூவாயிரம் கிலோமீட்டர் லாரியில் வந்திருக்கிறது. மரப்பட்டைத் தரையைத் தடவிப் பார்த்து, உரித்தபோது மரத்துக்கு வலித்திருக்குமோ என்று கவலைப்பட்டார்.

கடைசியில், பத்து கிலோமீட்டருக்குள் செய்த டைல் மட்டும்தான் தன் வீட்டுப் படி ஏறும் என்றார். அப்படியொன்று உலகத்தில் இருக்காது என்ற தெம்பு குரலில் இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு பின்பக்கக் கிடங்குக்குப் போய், மண் நிறத்தில் ஒரு டைலைத் துடைத்து எடுத்துவந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கையிலிருந்த விவரக் கையேட்டைத் திறக்கவே இல்லை. கேள்வி வாயிலிருந்து விழும் முன்னே பதில் வந்தது. உடைந்த டைலை அரைத்து மறுபடி மண்ணோடு சேர்ப்பார்கள். தண்ணீரைத் தெளியவைத்துத் திரும்பவும் பயன்படுத்துவார்கள். மேல்பூச்சில் ஈயம் கிடையாது. சூளையில் விறகோ கரியோ கிடையாது, கேஸ்தான். அந்தச் சூட்டையும் வீணாக்காமல் குழாய் வழியே கொண்டுபோய் ஈர டைலைக் காயவைப்பார்கள். பத்து கிலோமீட்டர் என்ன, இன்னும் பக்கம்.

அவர் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நக்கிப் பார்க்காததுதான் பாக்கி. படம் எடுத்து அந்த நிமிடமே சகலைக்கு அனுப்பினார். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை. அவருக்கு அது போதும்.

ஆர்டரில் கையெழுத்து விழுந்தது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து கடை முதலாளி கட்டைவிரலை உயர்த்தினார். வேலை நிலைத்துவிட்டது என்ற நிம்மதியில் அவளுக்குக் கண் கலங்கியது. தும்மல் வந்ததுபோல் திரும்பிக்கொண்டாள்.

அவருக்கோ உற்சாகம் கரைபுரண்டது. அலுவலகத்தில் மூன்று மாடி இருக்கிறதாம், அங்கேயும் இதே டைல்தானாம். அந்தக் கம்பெனி முதலாளியை நேரில் பார்த்துக் கை குலுக்க வேண்டுமாம். இப்படிப்பட்டவர்களை நாம்தான் கைதூக்கிவிட வேண்டுமாம்.

அவள் ஆர்டர் புத்தகத்தை மூடி மேஜை இழுப்பறைக்குள் வைத்தாள்.

“இதான் சார் கடைசி ஸ்டாக். அந்தக் கம்பெனிய மூடிட்டாங்க.”

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இவ்வளவு அருமையான கம்பெனியை மூடவைத்த மகானுபாவன் யார் என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

“நீங்கதான் சார். பால்கனியிலேருந்து பாத்தா வெள்ளையா புகை தெரியுதுன்னு, உள்ள என்ன செய்யறாங்கன்னு பாக்காமலே உங்க காலனி முழுக்கக் கையெழுத்து வாங்கி மனு குடுத்தீங்களே, அதே கம்பெனிதான். அது டைல் காயறப்ப வர்ற நீராவி சார்.”

உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் மெல்லிய குரலில் கேட்டார்.

அந்த உலர்த்தும் கூடத்தில் அவள் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். அதிகாரிகள் இரண்டு தடவை வந்து சோதித்து, புகையே இல்லை என்று எழுதிக் கொடுத்ததும் தெரியும். அப்புறமும் மனு மேல் மனு போனதில் அலுத்துப்போய் அந்தக் கம்பெனி முதலாளி இடத்தை விற்றதும் தெரியும். கேட் மூடிய அன்று சுத்தமான காற்று நம் உரிமை என்று இவர் மைக்கில் பேசியதை, வேலை போன நாற்பது பேரோடு நின்று அவளும் கேட்டிருக்கிறாள். கார் கதவு திறந்தபோதே இவரை அடையாளம் தெரிந்துவிட்டது.

அதில் ஒன்றையும் அவள் சொல்லவில்லை. பால்கனிக்கும் சேர்த்து அளவெடுக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.