டயரில் படாமல்

"மூத்திரம் சுவரு, டயரு எதுலயும் படக்கூடாது ஆன்டி. நேரா கரண்டில பிடிச்சு பாட்டில்ல ஊத்திக் கொண்டு வாங்க," என்று நாய் டாக்டர் சிந்துஜா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

சொல்வது சுலபம். மலர்விழி புதுக் கரண்டியை நீட்டினாலே அவளுடைய நாய் போபோ உட்கார்ந்துவிடும். சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாகிவிட்ட அதற்குக் கிட்னி போய்விட்டதோ என்று அவளுக்குப் பயம்.

வேலிக்கு அந்தப் பக்கம் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஐங்கரன் சிரித்தார்.

"ரோட்டுல எதுக்குக்கா அது பின்னால அலையிறீங்க? அண்ணன் மோட்டார் சைக்கிள் நிறுத்துன எடத்துலதானே அது காலைத் தூக்கும்?"

மறுநாள் காலையில் அவள் போபோவை வீட்டு முன் போர்ச்சுக்குக் கூட்டிப் போனாள். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய போபோ அதே இடத்தில் காலைத் தூக்கியது. கரண்டி நிறைந்தது.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தாள்.

"என்ன ஆன்டி, டயர்ல வடிஞ்சதைப் பிடிச்சிட்டீங்களா? சாம்பிள் முழுக்க எஞ்சின் எண்ணெய் மிதக்குது. டெஸ்ட் பண்ண முடியாது லா. அங்க நிக்கிற வண்டியைத் தள்ளி வச்சிட்டு, நாளைக்கு மறுபடி பிடிங்க."

மலர்விழி ஜன்னல் வழியே போர்ச்சைப் பார்த்தாள்.

லோரிக்கு அடியில் கணவரோடு சேர்ந்து நொறுங்கிய அந்த மோட்டாரை, அவருடைய கருமாதிக்கு முன்பே பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

வெறும் தரையின் முன்னால், வேலை முடிந்து யாரோ வந்து இறங்கியதைப் போல, போபோ துள்ளித் துள்ளி வாலாட்டிக்கொண்டிருந்தது.