கைக்கு ஆகும் நேரம்

"திமிரைப் பாரேன் அந்த மனுஷனுக்கு!"

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தான் கணவன்.

மேடையில் கடைசிச் சுற்று. செஸ் ஆடியது மனுஷர்கள் இல்லை, இரண்டு கம்ப்யூட்டர் புரோகிராம்கள். ஒன்று அவன் மனைவி எழுதியது. இன்னொன்று எதிரே உட்கார்ந்திருந்த வழுக்கைத்தலைக்காரர் எழுதியது. மூன்று வருஷமாகக் கப் அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

மெஷினுக்கு ஏது கை? எங்கே நகர்த்தணும் என்று அது திரையில் சொல்லும். எழுதினவர்தான் பலகையில் காயை நகர்த்தி, கடிகாரத்தை அமுக்கணும். எதிராளி நகர்த்தியதும் அதைத் தன் மெஷினுக்கு டைப் அடித்துச் சொல்லணும். இந்தக் கைவேலைக்கு ஆகிற நேரமும் அவரவர் கடிகாரத்தில்தான் கழியும். மிச்ச நேரம் குறையக் குறைய மெஷின் அரைகுறையாக யோசிக்கும். கோட்டையும் விடும்.

அங்கேதான் வந்தது வினை. மனைவியின் வலது கையில் மாவுக்கட்டு.

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஈரத்தைத் துடைக்காமல் விட்ட புண்ணியவான் வேறு யாருமில்லை, சாட்சாத் இவனேதான்.

"நான் வேணா உனக்குப் பதிலா உட்காரட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தான்.

"குதிரையைத் தவிர உங்களுக்கு எந்தக் காயைத் தெரியும்?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

ஆபீசுக்கும் போய், பிள்ளைகளையும் தூங்க வைத்து, மிஞ்சின நேரத்தில் வருஷக்கணக்காகச் செதுக்கிய புரோகிராம். "இந்தத் தடவையும் ஜெயிக்கலேன்னா மூட்டை கட்டிடுறேங்க" என்று காலையில்தான் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

இப்போது இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கை பட்டு இரண்டு காய்கள் உருண்டன. எடுத்து நிறுத்துவதற்குள் அவள் கடிகாரம் ஓடோ ஓடென்று ஓடியது. பாவம், நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

எதிராளியோ? அவருடைய மெஷின் பதிலை எப்போதோ சொல்லிவிட்டது. மனுஷர் அசைய வேண்டுமே! கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். என்ன தோன்றியதோ, மறுபடியும் கழற்றித் துடைத்தார். அடுத்த தடவை எழுந்துபோய் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அவனால் பொறுக்க முடியவில்லை. நடுவர் அம்மாளிடம் போனான்.

"மேடம், அவர் வேணும்னே இழுத்தடிக்கிறார். என் வொய்ஃபுக்கு டென்ஷன் ஏத்துறார்."

"அவர் நேரம், அவர் இஷ்டம். நீங்க உட்காருங்க சார்."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தான்.

திடீரென்று அரங்கமே 'ஆ'வென்றது. மனைவியின் மெஷின் ராணியையே தூக்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தது! அதைப் பெற்றவளே திரையைப் பார்த்து மிரண்டுபோனாள். இடது கையால் ராணியை நகர்த்தினாள்.

"ஐயையோ, போச்சு!" என்று தலையில் கை வைத்தான்.

"போகல சார், பாருங்க! இந்த மாதிரி ஒண்ணை நான் ஜென்மத்துல பார்த்ததில்ல" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கலைந்த தலையும் கொட்டாவியுமாக இவள் உட்கார்ந்து எழுதியதா இது?

எதிராளியின் கடிகாரத்திலும் நேரம் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அவசரத்தில் அவர் மெஷின் ஒரு நகர்வு தப்பாக வைத்தது. அவ்வளவுதான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைச் சாய்த்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

ஓடிப்போய் மனைவியின் தோளை அணைத்துக்கொண்டான்.

"ஜெயிச்சுட்டியேம்மா! அந்தத் திமிர் பிடிச்ச ஆளுக்கு நல்லா வேணும்."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"திமிரா? எனக்குப் பாதி ஆட்டத்துலதாங்க புரிஞ்சுது. நீங்களே போய் அவர்கிட்ட கேளுங்க."

போனான். அவர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சார், மெஷின் சொன்ன உடனே நகர்த்தியிருந்தா இந்தக் கப்பும் உங்களுக்குத்தானே? எதுக்கு அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தீங்க?"

"சும்மா எங்கே உட்கார்ந்தேன்? உங்க வீட்டம்மா கையால எவ்வளவு நேரம் போச்சோ, அவ்வளவையும் என் கடிகாரத்துலயும் ஓட விட்டேன்."

இப்படியும் ஒரு மனுஷனா!

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"நான் ஜெயிக்க வந்தது அவங்க மெஷினை, தம்பி. கட்டுப் போட்ட கையை ஜெயிச்சு நான் என்ன பண்ணப்போறேன்?"